4294967297 - பாவமா ஃபெர்மா?

போன வாரம் அக்கா பையன் வந்தான். பத்தாவது. "மாமா, 4294967297 பகா எண்ணா இல்லையா? கம்ப்யூட்டரைத் தொடாம சொல்லணும்"னான். பத்து இலக்கத்தைப் பார்த்ததும் நான் ஜகா வாங்கிட்டேன் :-)

இந்த எண்ணை ஒன்னு குறைச்சலா நீங்களும் பார்த்திருப்பீங்க. 2ஐ 32 தடவை பெருக்கினா 4294967296. பழைய 32 பிட் கம்ப்யூட்டர்ல 4 ஜிபி மெமரின்னு சொன்னோமே, அதோட பைட் கணக்கு. கூட ஒன்னு சேர்த்தா நம்ம ஆள்.

1640ல ஃபெர்மா ஒரு யூகம் சொன்னார். 3, 5, 17, 257, 65537ன்னு போற வரிசையில (2, 4, 16, 256ன்னு ஒவ்வொன்னையும் வர்க்கமாக்கி ஒன்னு கூட்டணும்) வர்றது எல்லாமே பகா எண்தான்னார். நிரூபணம் கையில இல்லைன்னும் ஒத்துக்கிட்டார். அதே வரிசையில அடுத்தது 4294967297. 1732ல ஆய்லர் அதை உடைச்சுக் காட்டினார்: 641 x 6700417.

இதைப் பேசினாலே எல்லாரும் சொல்ற சமாதானம், "பாவம், அந்தக் காலத்துல கால்குலேட்டர் ஏது?" எனக்கு இதுல உடன்பாடே இல்லை.

ஏன்னு சொல்றேன். ஒரு பகா எண் நம்ம எண்ணை மீதியில்லாம வகுக்குதுன்னு வைங்க. அப்போ 2ஐ 32 தடவை பெருக்கி அதால வகுத்தா மீதி -1. (அதாவது வகுக்கிற எண்ணுக்கு ஒன்னு கம்மி.) 64 தடவை பெருக்கினா மீதி 1. அதுக்கு முன்னாடி எங்கேயும் மீதி 1 வராது. ஆனா ஃபெர்மாவோட சிறிய தேற்றம் என்ன சொல்லுது? அந்தப் பகா எண்ணுல ஒன்னைக் கழிச்சு, அத்தனை தடவை 2ஐ பெருக்கினாலும் மீதி 1தான். ஆக, பகா எண்ணுல ஒன்னு கழிச்சா 64ன் மடங்கா இருந்தே ஆகணும்.

இப்போ தேடிப் பாருங்க. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதுல பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். அஞ்சாவது முயற்சியில ஆள் மாட்டிக்கிச்சு! அஞ்சு வகுத்தல், ஒரு காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். 1878ல லூகாஸ் 64ஐ 128ன்னு இறுக்கினதுக்கப்புறம் 257, 641 ரெண்டே ரெண்டுதான் மிச்சம்.

கவனிங்க, அந்தச் சிறிய தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640லதான் கடிதத்துல எழுதினார். சாவியைச் செஞ்சவரே பூட்டைத் திறந்து பார்க்கலை. தேற்றமே வேணாம், 2, 3, 5ன்னு வரிசையா வகுத்துட்டுப் போனாலும் 641 வெறும் 116வது பகா எண். ரெண்டு நாள் வேலை. பார்த்திருக்கலாம் மனுஷன்.

65537க்கு மேல இந்த வரிசையில இதுவரைக்கும் ஒரு பகா எண்கூட யாருக்கும் கிடைக்கலை. அஞ்சு நல்லா அமைஞ்சதை வெச்சு ஆறாவதையும் நம்பிட்டார். (நானும் ரெண்டு தடவை லாபம் வந்ததை நம்பி ஷேர்ல பணம் போட்டவன்தான், அது தனிக்கதை.)

பையனுக்கு இதெல்லாம் சொன்னதும் அடுத்ததைக் குடுங்கன்னான். குடுத்திருக்கேன்: 18446744073709551617. நாலு நாளா நோட்டும் கையுமா உட்கார்ந்திருக்கான். அக்கா போன்ல திட்டறா. அதோட சின்னக் காரணி 274177ன்னு நான் இன்னும் வாயைத் திறக்கலை.