கோட்டை மான்களுக்கு நாங்கள் செய்தது

திருகோணமலைக்கு விருந்தினர் வந்தால் நாங்கள் காட்டுவது கோணேசர் கோயிலை, இராவணன் வெட்டை, போகிற வழியில் பிரட்றிக் கோட்டை மான்களை. பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, மான் வந்து வாங்கும்போது படம் எடுக்கிறோம். எங்கள் ஊரின் பெருமை என்கிறோம். அந்த மான்களை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்பதை ஊராகக் கூடி ஒருநாளும் பேசியதில்லை.

கூண்டா இருக்கிறது, சுதந்திரமாகத்தானே திரிகின்றன என்பது எங்கள் முதல் சமாதானம். அது சரியல்ல. 1624 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியது கடலுக்குள் நீண்ட ஒரு முனையில். தரைவழி ஒரே பக்கத்தால்தான். எதிரியைத் தடுத்த அதே நில அமைப்பு இன்று மான்களை அடைத்து வைத்திருக்கிறது. தரைப்பக்கம் காடு இல்லை. கடைத்தெரு, வீடுகள், வாகனங்கள். புல் காயும் மாதங்களில் வாசலைத் தாண்டி இறங்கும் கூட்டத்துக்கு எங்கள் குப்பைதான் மேய்ச்சல் நிலம்.

அந்த மேய்ச்சல் எப்படிக் கொல்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மான் அசைபோடும் பிராணி; இரைப்பையில் நான்கு அறைகள். தின்ற இலையும் புல்லும் முதல் அறையில் நொதித்து, திரும்ப வாய்க்கு வந்து, மெல்லப்பட்டு உள்ளே போகும். சோறு சுற்றிய, கறிமணம் ஒட்டிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை விழுங்கினால் அது நொதிக்காது, கீழேயும் இறங்காது. திரண்டு உருண்டையாகி அங்கேயே கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதால் மான் தின்னாது. தின்னாமல் வற்றிச் சாகும். அன்போடு நீட்டும் பாணும் சோறும்கூட அளவு மீறினால் அந்த அறையில் அமிலத்தை ஏற்றி உயிரை எடுக்கும். இறந்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் கண்ட செய்திகளைப் படித்தோம். பாவம் என்றோம். அடுத்த சோற்றுப் பார்சலின் மிச்சத்தையும் மதிலோரம் போட்டோம். லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. வாழையிலைக்குத் திரும்ப அதைவிட நல்ல தருணம் எங்களுக்கு வந்ததில்லை, அதையும் விட்டோம். கையில் மான் ஏந்திய சிவனை மலைமேல் கும்பிட்டு இறங்கும் நாங்கள்தான் அர்ச்சனைப் பழம் கொண்டுபோன பையை வழியில் விடுகிறோம்.

யுத்தகாலத்தில், மனிதரையே காப்பாற்ற முடியவில்லை, மானைப் பற்றி யார் பேசுவது என்றோம். அன்று அதில் நியாயம் இருந்தது. 2009 க்குப் பிறகு இல்லை. அதன்பின் தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களைக் குறை சொன்னோம். அவர்களுக்குப் பார்சல் கட்டிக் கொடுக்கும் கடைகள் எங்களுடையவை. பிறகு, கோட்டை இராணுவத்திடம், மான் வனஜீவராசிகள் திணைக்களத்திடம், குப்பை உள்ளூராட்சி மன்றத்திடம் என்று பங்கு பிரித்தோம். படம் எடுக்கும் உரிமையை மட்டும் எங்களுக்கு வைத்துக்கொண்டோம்.

தாய்லாந்து 2001 இல் இலங்கைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த முத்துராஜா என்ற யானையை, முன்கால் ஒன்றை மடக்க முடியாத நிலையில், 2023 ஜூலையில் அதே நாடு விமானத்தில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனது. அந்த யானையை வைத்திருந்தவர்கள்மீது எங்களுக்கும் கோபம் வந்தது. எங்கள் மான்களைத் திருப்பிக் கேட்க ஒரு நாடு இல்லை. அவற்றுக்காக யாரிடமும் பதில் சொல்லத் தேவையில்லை என்பதால்தான் இவ்வளவு காலமும் சும்மா இருந்தோம். ஒரு மிருகத்தைப் போக்கிடம் இல்லாமல் செய்துவிட்டு, அதைப் பார்த்து மகிழ்வதும் சிறைவைப்புத்தான். கம்பி போடவில்லை என்பதால் காவலர் என்ற பெயர் எங்களைவிட்டுப் போகாது.

அடுத்தமுறை கோயிலுக்குப் போகும்போது பிஸ்கட்டை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். தள்ளி நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள். கொண்டுபோன பையை வீட்டுக்கே கொண்டுவாருங்கள். மூடியுள்ள குப்பைத் தொட்டிகளும் கோடையில் குடிநீரும் மேய ஒரு பாதுகாப்பான நிலமும் வேண்டுமென்று பொறுப்பானவர்களிடம் விடாமல் கேளுங்கள்; கேட்பவர்களோடு நாங்கள் எல்லோரும் நிற்கவேண்டும்.