பழைய ஆர்பிஜி நிரலைத் தொடலாமா?

ஐபிஎம் 1959இல் ஆர்பிஜி மொழியைக் கொண்டுவந்தபோது நிரல் என்பது துளையிட்ட அட்டைகளின் கட்டு. ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கு இடம். எந்த எழுத்து எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள். ஆறாவது இடத்தில் ‘சி’ இருந்தால் கணக்கீட்டு வரி. ‘எஃப்’ இருந்தால் கோப்பைப் பற்றிய வரி. அட்டைகள் காணாமல் போன பிறகும் அந்த இடக் கணக்கு போகவில்லை. 1988இல் வந்த ஏஎஸ்/400 கணினியிலும், இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் ஓடும் அதன் வாரிசிலும், வங்கி, காப்பீடு, கிடங்கு நிர்வாகத்துக்கான ஏராளமான புரோகிராம்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

மொழி தேங்கிவிடவில்லை. 2001இல் கணக்கீட்டு வரிகளை இடக்கட்டுப்பாடு இல்லாமல் எழுத வழி வந்தது. 2013இல் கோப்பு, மாறி அறிவிப்புகளுக்கும் அந்தச் சுதந்திரம் கிடைத்தது. 2015 முதல் ஒரு புரோகிராமை முதல் எழுத்திலிருந்தே ஃப்ரீ ஃபார்மட்டில் எழுதலாம். அப்படி எழுதியதை ஜாவா படித்த இளைஞர் ஓரளவு புரிந்துகொள்வார். பழைய வடிவத்தைக் கண்டால் மிரளுவார்.

புதிதாக எழுதுவதை ஃப்ரீ ஃபார்மட்டில்தான் எழுத வேண்டும். அதில் விவாதிக்க எதுவுமில்லை. பழைய வடிவத்திலுள்ள புரோகிராமும் புதியதும் ஒன்றையொன்று தடையில்லாமல் அழைத்துக்கொள்ளும். சிக்கல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை என்ன செய்வது என்பதில்தான். “ஓடுகிற வண்டியை நோண்டுவானேன்” என்பது ஒரு கட்சி. “கருவி இருக்கிறது, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்” என்பது மறு கட்சி. இரண்டாவது கட்சியினர், மாறுவது தோற்றம் மட்டும்தான் என்று நம்புகிறார்கள். அது சரியல்ல.

பழைய நிரலில் எங்கு பார்த்தாலும் தென்படும் ‘மூவ்’ கட்டளையை எடுத்துக்கொள்வோம். அது வலது ஓரத்திலிருந்து நிரப்பும். மிச்ச இடத்தைத் தொடாது. எட்டு எழுத்துள்ள ஒரு புலத்தில் 20231231 என்ற தேதி இருக்கிறது. அதற்குள் 0315 என்பதை மூவ் செய்தால் 20230315 கிடைக்கும். ஆண்டு அப்படியே நிற்கும். ஃப்ரீ ஃபார்மட்டில் மூவ் கிடையாது. அதற்குப் பதிலாகச் சமக்குறி போட்டால் 0315 இடப்பக்கம் போய் உட்காரும். மீதி நான்கு இடமும் வெற்றிடமாகும். ஆண்டு அழிந்துவிடும். கம்பைலர் வாயே திறக்காது.

கூட்டலில் வேறு விதமான வேறுபாடு. ஐந்து இலக்கப் புலத்தில் 99999 இருக்கையில் பழைய ‘ஆட்’ கட்டளையால் ஒன்றைக் கூட்டினால், வழக்கமான அமைப்பில் 00000 வரும். புரோகிராம் எதுவும் நடக்காததுபோல் மேலே போகும். அதையே ஃப்ரீ ஃபார்மட்டில் சமக்குறியிட்ட கோவையாக எழுதினால், இலக்கம் கொள்ளாதபோது பிழை எழும். அதைக் கையாள யாரும் எழுதி வைக்காவிட்டால் புரோகிராம் நின்றுவிடும். நிற்பதுதான் நேர்மை என்பேன். ஆனால் அது நடுராத்திரி மாதக் கடைசி ஓட்டத்தில் நின்றால் பதில் சொல்ல வேண்டியவரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். வரிசை எண் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும் என்றே முன்னவர் அப்படி எழுதியிருக்கவும் கூடும்.

இன்னொன்று: எழுதும் முறை மாறினால் பொருள் விளங்கிவிடாது. 01 முதல் 99 வரை எண் மட்டுமே பெயராகக் கொண்ட, ‘ஆன்’ ‘ஆஃப்’ என இரு நிலை மட்டுமே உள்ள இண்டிகேட்டர்களை நம்பித்தான் பழைய நிரல் நடக்கிறது. கருவி அவற்றைப் புதிய இலக்கணத்தில் எழுதித் தரும். 47 ‘ஆன்’ ஆனால் வாடிக்கையாளர் கடன் வரம்பைத் தாண்டிவிட்டார் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லக்கூடியவர் ஓய்வு பெறப்போகும் மூத்தவர். அவர் பழைய பாணியைப் பிடித்துத் தொங்குகிறார் என்று ஒதுக்குவது, தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தேடுவதற்குச் சமம். ஒரு பெரிய நிரல் துண்டைச் சிறு புரொசீஜர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலையைச் சொல்லும் பெயர் வைப்பதில்தான் உண்மையான ஆதாயம். இட ஒழுங்கை நீக்குவது அதற்கு அடுத்தபடிதான்.

அதற்காக முதல் கட்சியும் சரியென்று சொல்ல மாட்டேன். யாரும் தொடாத நிரலை ஒரு நாள் சட்டமோ வரியோ தொட வைக்கும். அன்று அதைப் படிக்க ஆள் இருக்காது.

ஆகவே நடுவழி ஒன்று உண்டு. வியாபாரத் தேவைக்காக ஒரு புரோகிராமைத் திறக்கிறீர்களா, அப்போது அதை மாற்றுங்கள். வருடக்கணக்கில் யாரும் திறக்காததை விட்டுவிடுங்கள். வடிவ மாற்றத்தையும் விதி மாற்றத்தையும் ஒரே தவணையில் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ஒப்பிடும் கருவியில் எல்லா வரியும் மாறியதாகத் தெரியும். எது வேண்டுமென்று மாற்றியது, எது தவறி மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் வடிவத்தை மட்டும் மாற்றி, பழையதையும் புதியதையும் ஒரே தரவில் ஓட்டி, வெளிவரும் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பொருந்திய பிறகே புதிய விதிக்கு வாருங்கள்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றும் கருவிக்குப் பணம் ஒதுக்குமுன், உங்கள் நிரல்களில் மூவ், ஆட் கட்டளைகளும், வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூவும் எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்த்தபின் சோதனைக்கு எத்தனை ஆட்கள் வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்.