மூலம் என்று முடிவு கட்டாதீர்கள்!



ஆவடி, அம்பத்தூர் வழியே ஓடும் மின்சார ரயிலில் ஏறினால் போதும். 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. அந்த விளம்பரங்கள் யாரை நம்பிப் பிழைக்கின்றன? நம் வெட்கத்தை நம்பித்தான்!

மலத்தோடு இரத்தம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'உடம்புச் சூடு' என்று மோர் குடிக்கிறோம். குறையாவிட்டால் 'மூலம்' என்று நாமே தீர்ப்பு எழுதி, மருந்துக் கடையில் களிம்பு வாங்குகிறோம். கடையை விட்டு வர நேரமில்லை, மருத்துவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அது பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இதே வேடத்தில்தான் வருகிறது. சோதிக்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இந்த நோய் ஒரே நாளில் வருவதல்ல. குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு வரை எடுத்துக் கொள்கிறது. அந்தக் காலம் முழுவதும் வலி இருக்காது. கண்ணுக்குத் தெரியும் இரத்தமும் அநேகமாக இருக்காது. அப்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் அது புற்றுநோயாக மாறாமலே தடுக்கலாம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் 'ஃபிட்' சோதனை. சிறிதளவு மலத்தைக் குப்பியில் எடுத்துக் கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். இரத்தம் இருப்பதாக வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. கட்டாயம் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். அந்த அடுத்த சோதனைதான் கொலோனாஸ்கோபி. குடலைச் சுத்தம் செய்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயால் உள்ளே பார்ப்பார்கள். சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றி விடுவார்கள்.

யாருக்கு இது தேவை? அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு தொடக்க வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே தொடங்க வேண்டும். இரத்தப் போக்கு, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்த சோகை இருப்பவர்கள் எந்த வயதானாலும் நேராக மருத்துவரிடம் செல்லுங்கள். இளைஞர்களே, இது உங்களுக்கும்தான்! ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் இந்நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43.

ஜப்பான் 1992 முதலே 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மலச் சோதனையை அரசுத் திட்டமாக நடத்துகிறது. நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பட்ட அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றன. மேலைநாடுகளை விட இங்கே இந்நோய் குறைவு என்பது உண்மைதான். அதற்காக, குடும்பத்தில் நோய் உள்ளவர்களையாவது தேடிப் பிடித்துச் சோதிக்க வேண்டாமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலச் சோதனைக்கு வழி செய்யுங்கள் என்று அரசிடம் கேட்போம்.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இரத்ததான முகாமும் கண் சிகிச்சை முகாமும் நடத்தும் நம் இளைஞர்கள், அடுத்த முகாமில் மருத்துவரின் மேற்பார்வையில் ஃபிட் சோதனையையும் சேர்க்கட்டும். பெண்களுக்குப் பெண் மருத்துவரை ஏற்பாடு செய்யட்டும்.

வியாபாரிகளே! ஆண்டுக்கு ஒருமுறை சரக்கை எண்ணி இருப்புக் கணக்குப் பார்க்கிறீர்கள். நஷ்டம் தெரிந்த பிறகா கணக்கைத் திறக்கிறீர்கள்? உடம்புக்கும் அந்த ஒரு நாளைக் கொடுங்கள். வெட்கம் நல்ல குணம்தான். ஆனால் வீட்டின் அச்சாணியைச் சாய்க்கும் வெட்கம் நமக்கு வேண்டாம்!