முதல்நூலும் வழிநூலும்: பீட்சாவை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இத்தாலிக்குப் போய்வந்தவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "நாம் இங்கே தின்பது பீட்சாவே அல்ல, அமெரிக்கர்கள் கெடுத்துவைத்த பண்டம்." கல்பாக்கம் நகரியத்து நண்பர்களிடமும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இதில் பாதி உண்மை. மறுபாதியைத்தான் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

இரண்டையும் அவற்றின் பிறந்த மண்ணிலேயே உண்டு பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா மெல்லியது; நடுவில் ஈரம் ததும்புவது; விளிம்பு மட்டும் உப்பி, ஆங்காங்கே கருகியிருக்கும். மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் தவிர மாவில் வேறொன்றும் சேராது. ஏறத்தாழ 485 பாகை வெப்பமுள்ள விறகடுப்பில் 60 முதல் 90 நொடிகளில் வெந்துவிடும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இம்முறைக்குச் சட்டக் காப்பு அளித்தது. 2017இல் யுனெஸ்கோ, அதைச் சுடுவோரின் கலையை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நியூயார்க் பீட்சா வேறு வகை. அங்கே குடியேறிய இத்தாலியர், புரதம் மிகுந்த அமெரிக்கக் கோதுமையையும், ஈரம் குறைந்த பாலாடைக் கட்டியையும், நிலக்கரி அடுப்பையும் கொண்டு அதை ஆக்கினார்கள். அகன்ற துண்டை மடித்துக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே தின்னலாம். அவசரத்தில் இருக்கும் தொழிலாளிக்கு ஏற்ற வடிவம். சிகாகோவிலோ 1943 முதல் ஆழமான தட்டில் அடுக்கிச் சுடுகிறார்கள்.

இவற்றைக் கெட்டுப்போன பிரதிகள் என்பது பொருந்துமா? தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல், வழி என இரண்டாகப் பிரிக்கிறது. தொகுத்தும், விரித்தும், அவ்விரண்டும் கலந்தும், மொழிபெயர்த்தும் வழிநூல் செய்யலாம் என்கிறது. வழிநூல் என்பது இழிநூல் அன்று. வான்மீகிக்கு வழிநூல் செய்த கம்பனைக் குறைந்தவன் என்று நாம் சொல்வதில்லை. அவ்வாறு நோக்கினால் நியூயார்க் பீட்சா சுருக்கமில்லாத நல்ல மொழிபெயர்ப்பு, சிகாகோவினுடையது விரிநூல்.

முதல்நூல் என்று போற்றப்படுவதும் முற்றிலும் தன் மண்ணிலேயே விளைந்ததன்று. நேப்பிள்ஸ் பீட்சாவின் உயிரான தக்காளி, கொலம்பசுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. நம் வீட்டுக் கதையும் இதுவே. மசால் தோசையின் உருளைக்கிழங்கும் மிளகாயும், ரசத்தின் தக்காளியும் அதே கண்டத்து வரவுகள். கலப்பைக் குற்றமென்றால் முதலில் நம் அடுக்களையையே அல்லவா காலி செய்ய வேண்டும்?

ஆனால் நண்பர்களின் கோபம் காரணமற்றதும் அன்று. அது தவறான முகவரிக்குப் போகிறது, அவ்வளவே. வழிநூலுக்கும் அச்சுப்படிக்கும் வேறுபாடு உண்டு. வழிநூலுக்கு ஓர் ஆசிரியன் இருக்கிறான். தொடர் உணவகப் பீட்சாவுக்கு அவன் இல்லை. மாவு எங்கோ ஒரு மையக் கூடத்தில் பிசையப்பட்டு வண்டியில் வருகிறது. அடுப்பினூடே நகரும் பட்டையில் ஏறி, குறித்த நிமிடத்தில் மறுமுனையில் இறங்குகிறது. இன்றைய மாவு சற்றுப் புளித்துவிட்டதே என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல அங்கே ஒரு கைக்கு வேலையில்லை. 1960இல் மிச்சிகனில் தொடங்கிய டோமினோஸ், 2015இல் மிலானில் கடை திறந்து 2022இல் இத்தாலியை விட்டே வெளியேறியது. 1996இல் இந்தியாவுக்குள் வந்த அதே நிறுவனத்துக்கு, அமெரிக்காவுக்கு வெளியே மிக அதிகக் கிளைகள் இருப்பது இங்கேதான். இத்தாலியருக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெருமுனையிலேயே ஓர் ஆசிரியன் இருந்தான். நம்மில் பலருக்கு அச்சுப்படிதான் முதலில் கிடைத்தது. அதையே மூலமென்று நம்பிவிட்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்க நேப்பிள்ஸுக்கே போகவேண்டியதில்லை. கல்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் ஆரோவில், புதுச்சேரிப் பகுதிகளில் விறகடுப்பில் சுடும் உணவகங்கள் உண்டு. வடக்கே மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில், வெளிநாட்டுப் பயணியருக்காகப் பீட்சா செய்யும் சிறு உணவகங்கள் உண்டு. அவற்றில் சில சுமாராகவே இருக்கும். ஆயினும் மாவை உருட்டியவர் அங்கேயே நிற்கிறார். உப்புக் குறைவென்றால் அவரிடமே சொல்லலாம். மறுநாள் அவர் திருத்திக்கொள்ளவும் கூடும்.

இது பீட்சாவோடு நிற்கும் செய்தியன்று. இட்லி மாவும் தோசை மாவும் உறைகளில் அடைபட்டுக் கடைக்கு வந்தாயிற்று. வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் மாறிய புளிப்பு ஒரே புளிப்பாகிக்கொண்டிருக்கிறது. நாளை நம் பிள்ளைகள் அந்த உறையை முதல்நூல் என்று கொள்வார்களானால், பிழை அவர்களுடையதாகாது. எனவே ஓர் உணவைப் பார்த்து, 'இது இத்தாலியுடையதா, அமெரிக்காவுடையதா?' என்று கேட்பதைவிட, 'இதைச் செய்த கை எங்கே?' என்று கேட்பதே தகும் என்பது நம் துணிபு.