தீவு பெற்றது, தில்லி கொடுத்தது, தமிழர் இழந்தது

சங்கரன்கோவில் திருக்கோயிலுள், பூலித்தேவர் மறைந்த இடமென ஓர் அறையை இன்றும் காட்டுகின்றனர். கட்டுண்டு வந்தவர் வழிபடப் புகுந்து, விலங்கு தெறிக்க ஒளியுட் கலந்தார் என்பது மக்கள் வழக்கு. வழக்கு அவ்வாறாக, வரலாறு காட்டும் பாடம் வேறு. 1755-இல் எரோன் தலைமையில் வந்த கும்பனிப் படைக்கு அடிபணியாத நெற்கட்டுஞ்செவ்வல், மேலைப் பாளையங்களின் ஒற்றுமையாலும் திருவாங்கூரின் துணையாலும் ஆண்டுக்கணக்கில் நிமிர்ந்து நின்றது. அத் திருவாங்கூரை யூசுபுகான் தன்பக்கம் இழுத்துக்கொண்ட பின்னர், 1761-இல் அக் கோட்டை வீழ்ந்தது. பேரரசுகளிடையே சிக்கிய சிறுநாட்டிற்குத் துணைவலியே உயிர்நிலை என்பதை இம் மண் குருதி கொடுத்துக் கற்றது.

இப் பாடத்தை எவர் கற்றனரோ இலரோ, கொழும்பு ஆட்சியாளர் நன்றாகக் கற்றனர். 1952-இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பொதுவுடைமையை வெறுத்த தட்லி சேனநாயகா அரசே அமெரிக்காவின் சினத்தைப் பொருட்படுத்தாது பொதுவுடைமைச் சீனத்திற்கு இரப்பர் கொடுத்து அரிசி பெற உடன்பட்டது. 1971-இல் தம் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த சிங்கள இளைஞரை அடக்க இந்தியப் படையுதவியைப் பெற்ற சிறிமாவோ அரசு, அதே ஆண்டில் பாகித்தான் வானூர்திகள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்லவும் இடங்கொடுத்தது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022-இல் கடனில் மூழ்கிய தீவிற்குத் தில்லி ஏறத்தாழ 400 கோடி தாலர் அளவிற்குக் கைகொடுத்தது. அவ் வாண்டு ஆகத்துத் திங்களிலேயே சீனத்தின் 'யுவான் வாங் 5' கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது! மாலத்தீவும் இதே வழியிற்றான் நடக்கின்றது. 'இந்தியாவே வெளியேறு' என்று முழங்கி 2023-இல் ஆட்சியைப் பிடித்தவர், 2024 மே திங்களுக்குள் இந்தியப் படையினரை அனுப்பிவிட்டு, அதே ஆண்டு அத்தோபரில் தில்லிக்கே வந்து பண உதவி பெற்றுச் சென்றார்.

இதற்காகத் தீவினரை வைவது பேதைமை. சிறியவன் தன் பிழைப்பிற்குப் பெரியவர் இருவரையும் பயன்படுத்திக் கொள்கின்றான். அது அவன் திறம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. கொழும்பைத் தன்பால் வைத்துக்கொள்ளத் தில்லி கொடுத்த விலை எவருடைய உடைமை?

1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டனர். 1964 அத்தோபர் 30-இல் சாத்திரியாரும் சிறிமாவோவும் அமர்ந்து, 9,75,000 மக்களைப் பங்கிட்டனர். இந்தியாவிற்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இருபாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆட்டு மந்தையைப் பிரிப்போர்கூட எந்த ஆடு எந்தக் கிடைக்குப் பழகியது என்று பார்ப்பர். நெல்லைச் சீமையினின்றும் பிறவிடங்களினின்றும் சென்று, காட்டைத் தேயிலையாக்கிய அம் மக்களை எவர் கேட்டனர்?

அடுத்தது கச்சத்தீவு. 285 குறுக்கம் பரப்புள்ள, குடிநீரற்ற சிறு திட்டு. ஆயினும் அதனைச் சூழ்ந்த கடல் சோறிடும் கடலன்றோ? 1974 சூன் உடன்படிக்கையால் அது இலங்கையின் பக்கம் சென்றது. தமிழகத்தின் எதிர்ப்பு ஏட்டில் நின்றது. அவ் வுடன்படிக்கையின் ஐந்தாம் ஆறாம் பிரிவுகள் மீனவர்க்கும் அந்தோணியார் கோயில் விழாவிற்குச் செல்வோர்க்கும் மரபுரிமைகளைக் காப்பதாகச் சொல்லினவேனும், 1976 மார்ச்சில் மாற்றிக்கொள்ளப்பட்ட மடல்கள் மீன்பிடிப்பைத் தடுத்துவிட்டன. அவ் வாண்டு சனவரி 31-இல் தமிழக அரசு கலைக்கப்பட்டிருந்தது. ஆதலின், எதிர்த்துப் பேசச் சட்டமன்றமே இல்லாத வேளையில் தமிழர் கடல் எழுதிக் கொடுக்கப்பட்டது என்க. (இழுவைமடி வலைகளால் யாழ்ப்பாண மீனவரின் வலையையும் வாழ்வையும் கெடுப்போர் நம்மவருள்ளும் உளர். அதனை மறைத்துப் பேசுவது அறமாகாது.)

வங்கத்தின் கதையை இதனொடு ஒப்பிடுக. பெருபாரிப் பகுதியில் ஒரு பங்கைப் பாகித்தானுக்குக் கொடுக்க 1958-இல் நேரு உடன்பட்டபோது, அரசியலமைப்பைத் திருத்தாமல் நிலத்தைக் கொடுத்தல் இயலாதென்று 1960-இல் உச்ச நயன்மன்றம் கருத்துரைத்தது. திருத்தமும் செய்தனர், ஆயினும் நிலம் கைமாறவில்லை. 1974 மே திங்களில் வங்கதேசத்துடன் செய்த உடன்படிக்கையால் அஃது இந்தியாவிலேயே நின்றது. மே திங்களில் வங்கத்தின் நிலத்தைக் காத்த அதே கை, சூன் திங்களில் தமிழரின் தீவை விட்டுக்கொடுத்தது! கச்சத்தீவு உரிமைப் பூசலுக்குட்பட்ட இடமே; ஆதலின் கொடுத்ததாகாது, திருத்தமும் வேண்டா என்றது தில்லி. சேதுபதியர் ஆண்ட தீவிற்கு அந்த விளக்கம்! 2011-இல் தீசுத்தா ஆற்றுநீர் உடன்பாடு, மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா மறுத்தமையால் கையெழுத்தாகாமலேயே நின்றது. மாநிலத்தின் சொல்லுக்குத் தில்லி செவிசாய்க்க இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வெளியுறவு நடுவணரசின் பட்டியலிலுள்ளது என்று சட்டம் காட்டுவர். மாநிலத்தின் எல்லையை மாற்றும் சட்டத்திற்குக்கூட அம் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாகவேண்டும் என்று அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பு சொல்கின்றதே! அண்டை நாட்டு உடன்படிக்கையால் ஒரு மாநிலத்தின் கடலோ மக்களோ பாதிக்கப்படும்போது, கையெழுத்திடுமுன் அம் மாநிலச் சட்டமன்றத்தின் இசைவைப் பெறவேண்டுமென்று ஒரு வரி சேர்த்தால் இந்தியா இடிந்துவிடுமோ? 2022-இல் பட்டினியில் வாடிய தீவிற்கு 40,000 தன் அரிசியும் 500 தன் பால்மாவும் அனுப்பத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் செய்தபோது தில்லி இசைந்தது. தமிழகத்தின் கை கொடுப்பதற்கு மட்டும் வேண்டியிருந்தது. 2025 ஏப்பிரல் 2-இல் அதே மன்றம் கச்சத்தீவை மீட்கவேண்டி மற்றொரு தீர்மானத்தை நிறைவேற்றியது. முதல் தீர்மானத்திற்குக் கிடைத்த இசைவு இரண்டாவதற்கும் கிடைக்கவேண்டும் என்பதே தமிழகம் தில்லியிடம் கேட்பது.