கணக்குச் சொல்லும் கருவி: எதை வாங்குவது?

15 ஆயிரத்து 841 பேர்!

இங்கிலாந்து நாட்டில், 2020-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி முதல் அக்டோபர் 2-ந் தேதி வரை இத்தனை பேர் கணக்கில் இருந்து விட்டுப்போனார்கள். எல்லோரும் கொரோனா நோய் கண்டவர்கள்.

என்ன நடந்தது?

பரிசோதனைக் கூடங்களில் இருந்து தகவல் வந்தது. அதை "எக்செல்" தாளில் ஏற்றினார்கள். அது பழைய வகைத் தாள். 65 ஆயிரத்து 536 வரிகள்தான் அதில் கொள்ளும். ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டன. தாள் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு இடம் இல்லை.

நோயாளிகளுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து, "வீட்டிலேயே இருங்கள்" என்று எச்சரிக்க வேண்டிய ஊழியர்களுக்குப் பட்டியல் போகவில்லை. நோய் பரவும் நேரத்தில் பல நாட்கள் வீணாயின.

கருவியை வேலைக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படியும் ஆகும்.

ரிப்போர்ட் என்றால்?

ஒரு கம்பெனியின் கணக்கு முழுவதும் இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் களஞ்சியத்துக்கு "டேட்டாபேஸ்" என்று பெயர். நெல் மூட்டைகளை அடுக்கிய கிடங்கு மாதிரி. கிடங்கில் நெல் இருந்தால் போதுமா? சோறாக வேண்டாமா? சம்பளச் சீட்டு, ரசீது, மாத விற்பனைப் பட்டியல் எல்லாம் அந்தச் சோறு. அதைச் சமைத்துக் கொடுப்பது "ரிப்போர்ட்" கருவி.

இதில் போட்டி பலமாக இருக்கிறது. "கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்" பழைய புள்ளி. மைக்ரோசாப்ட் கம்பெனியின் "ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்" 2004-ல் வந்தது. அதே கம்பெனியின் "பவர் பி.ஐ." 2015-ல் வந்தது. "ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ்", "பர்ட்" இரண்டும் காசில்லாமலே கிடைக்கும்.

விற்க வருகிறவர் கலர் கலராகப் படம் காட்டுவார். வட்டம் சுழலும். முதலாளி மயங்குவார். அங்கேதான் தவறு தொடங்குகிறது!

தாளா, திரையா?

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். இதை யார், எதில் படிக்கப்போகிறார்கள்?

மானேஜர் திரையில் பார்த்து, "எந்த ஊரில் விற்பனை குறைந்தது?" என்று தட்டித் தட்டிக் கேட்க வேண்டுமானால், பவர் பி.ஐ. நல்ல கருவி. ஆயிரம் வரிகள் உள்ள பட்டியலை அதே படப்பக்கத்தில் வைத்து அச்சடித்துப் பாருங்கள். திரையில் தெரிகிற வரிகள்தான் தாளில் வரும். மற்றவை வராது. பக்கம் பக்கமாக அச்சடிப்பதற்கு அதிலேயே தனி வகை ரிப்போர்ட் இருக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்பவர் சிலரே.

ரசீது, சம்பளச் சீட்டு என்றால் கிரிஸ்டல், ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், ஜாஸ்பர் போன்ற கருவிகளே பொருத்தம். கட்டத்துக்குள் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

விலையையும் பார்க்க வேண்டும். பவர் பி.ஐ.யில் படம் வரைவதற்குக் காசு இல்லை. வரைந்ததைப் பலருடன் பகிர்ந்துகொள்ள, பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கட்டணம் உண்டு. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் அந்தக் கட்டணம் மாதம் 10 டாலரில் இருந்து 14 டாலர் ஆனது. 100 பேர் என்றால் மாதம் 1,400 டாலர்! ஜாஸ்பர் இலவசம்தான். ஆனால் "ஜாவா" தெரிந்த ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கைமாறிய கதை

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் பிறந்தது கனடா நாட்டின் வான்கூவர் நகரில். 1993-ல் மைக்ரோசாப்டின் "விஷுவல் பேசிக்" பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதையே பழகினார்கள். கையில் இருக்கும்போது வேறு ஏன் தேட வேண்டும்?

1994-ல் சீகேட் கம்பெனி அதை வாங்கியது. 2003-ல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் கைக்குப் போனது. 2008-ல் அந்தக் கம்பெனியையே ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. வாங்கிவிட்டது. 2010-ல் மைக்ரோசாப்டின் புதிய பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் கிரிஸ்டல் இல்லை! தனியாக இறக்கிப் பொருத்த வேண்டியதாயிற்று.

மைக்ரோசாப்டின் சொந்தச் சரக்குக்கும் அதே கதிதான். ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் 2022-ம் ஆண்டுப் பதிப்பே கடைசி. 2033-ம் ஆண்டு ஜனவரி வரை ஆதரவு உண்டு. அதன் இடத்துக்கு "பவர் பி.ஐ. ரிப்போர்ட் சர்வர்" வந்திருக்கிறது.

ஆக, எந்தக் கருவியும் நிரந்தரம் இல்லை. நூற்றுக்கணக்கான ரிப்போர்ட்களை எழுதி வைத்த கம்பெனி என்ன செய்யும்?

கணக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. தள்ளுபடி எவ்வளவு, வரி எவ்வளவு, திரும்பி வந்த சரக்கை எப்படிக் கழிப்பது என்ற விதிகளை எல்லாம் ரிப்போர்ட் கருவிக்குள்ளேயே எழுதி வைப்பவர்கள் பலர். சமையல் குறிப்பைச் சமையல்காரரின் மடியில் முடிந்துவிட்ட மாதிரி! அவர் போனால் குறிப்பும் போயிற்று.

அந்த விதிகளைக் கிடங்கிலேயே, அதாவது டேட்டாபேஸிலேயே, "எஸ்.கியூ.எல்." மொழியில் எழுதி வைக்கலாம். அந்த மொழி 1970-களில் ஐ.பி.எம். கம்பெனியில் பிறந்தது. 1986-ல் அமெரிக்காவில் பொதுத்தரம் ஆனது. டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். கருவி போனாலும், சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். படம் அப்படியே இருக்கும்.

"எஸ்.கியூ.எல். தெரிந்தவர் வேண்டுமே! கணக்கர் தானே எழுதிக்கொள்ள முடியாதே!" என்பார்கள். உண்மைதான். சிறு கடைக்கு இது பெரிய தொல்லை. ஆனால் ஐந்து ரிப்போர்ட் ஐம்பது ஆகும் இடத்தில், அந்தத் தொல்லையை முதலிலேயே பட்டுவிடுவது மேல்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை ஒதுக்கிவிட வேண்டும். கம்பெனியிலேயே மிகவும் சிக்கலான பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து, சென்ற ஆண்டின் முழுக் கணக்கோடு கொடுக்க வேண்டும். மாதக் கடைசி நாளில், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஓடவிட வேண்டும். அச்சில் வந்த மொத்தத்தைக் கணக்கர் பழைய தாளோடு வைத்து, பைசா வரை ஒத்துப் பார்க்க வேண்டும். வரிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து!