பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்!

நாமக்கல் பைபாஸில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேபின்கூட இல்லாத வெறும் லாரி சேஸிஸ் ஒன்று வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், உட்கார ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டிரைவர் வெயிலில் காய்ந்தபடி ஓட்டி வருவார். (இப்போது கேபினோடு வருபவையும் உண்டு.) பட்டறைக்கு வந்த பிறகுதான் அதற்கு பாடி கட்டுவார்கள். ஒன்று சரக்கு லாரியாகும். ஒன்று டேங்கராகும். திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக் வண்டியாகும்!

எப்படிப்பட்ட பாடியையும் கட்டித் தரும் அந்தப் பட்டறைக்காரர்கள், ஒன்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். சேஸிஸ் எத்தனை டன் தாங்கும் என்பது கம்பெனியிலேயே முடிவானது. அதைத் தாண்டினால் ஆக்சில் முறியும்.

நீங்கள் ஆசைப்படும் ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு சேஸிஸ் உண்டு கண்ணுகளா! மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினெட் மூன்றும் சேர்ந்ததுதான் அது. வண்ண விளக்குகள் எல்லாம் வெறும் பாடி.

"இப்போதைக்கு இதை வாங்கிக்குங்க. அப்புறம் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்திக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியோ, சேலத்தில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்ற வைத்தோ, லாரியில் இரவெல்லாம் கண் விழித்தோ உங்கள் அப்பா, அம்மா சேர்த்த பணம் அந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லை நம்பிப் போகிறது. கம்ப்யூட்டரே வேண்டாம், விளையாட்டே கூடாது என்று சொல்லும் தாத்தா அல்ல நான். அந்தச் சொல்லை எழுத்தில் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டை மாட்டும் ஸ்லாட் வழியாக அதற்குக் கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டு 170 வாட் கேட்கும். மீதியைப் பவர் சப்ளையிலிருந்து தனி வயரில் கொண்டுவர வேண்டும். இந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை போடும்படி என்விடியா கம்பெனியே சொல்கிறது. விலை குறைந்த ரெடிமேட் பெட்டிகள் சிலவற்றில் 300 வாட்கூட இருக்காது. அந்தத் தனி வயரும் இருக்காது. பிறகு கார்டை வாங்கி எங்கே மாட்டுவது?

"பவர் சப்ளையையும் மாற்றிவிட்டால் போச்சு" என்பீர்கள். சரியான கேள்வி! அதற்காகத்தான் இன்டெல் கம்பெனி 1995-ல் 'ஏ.டி.எக்ஸ்.' என்று ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினெட் எதை எங்கே வாங்கினாலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்ய முடிவது இதனால்தான்.

ஆனால் பெரிய கம்பெனிகள் எல்லாம் இதன்படி நடப்பதில்லை. 1998 முதல் சில ஆண்டுகள் டெல் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களில் என்ன செய்தது தெரியுமா? பிளக் பார்வைக்கு ஏ.டி.எக்ஸ். மாதிரியே இருக்கும். உள்ளே வயர்களின் வரிசை மட்டும் வேறு! வெளியே வாங்கிய பவர் சப்ளையைச் செருகினால் மதர்போர்டே கெட்டுவிடும். அதே டெல்லின் ஏலியன்வேர் அரோரா ஆர்-13 என்ற விலை உயர்ந்த கேமிங் பெட்டி 2021-ல் வந்தபோதும் மதர்போர்டு அதற்கென்றே தனி வடிவம். விமர்சகர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டது. 2025-ல் வந்த ஏரியா-51 பெட்டியில்தான் பொது அளவுப் பவர் சப்ளைக்குத் திரும்பினார்கள். அப்படியானால் இத்தனை நாள் முடியாமல் இல்லை, மனம் இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பிராசசர் கதை இன்னும் வேடிக்கை. 2017-ல் இன்டெல் வெளியிட்ட எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசருக்குச் சாக்கெட்டில் 1151 முனைகள். முந்தைய போர்டிலும் அதே 1151 தான்! ஆனாலும் பழைய போர்டில் அது ஓடாது, புதிய போர்டு வாங்கியாக வேண்டும். அதே 2017-ல் ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் பிராசசர்கள் வந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு, 2022-லும் புதுப் பிராசசர் வந்தது. பழைய போர்டில் அதை மாட்ட பயாஸ் என்னும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். ரெடிமேட் பெட்டி என்றால் அதைத் தர வேண்டியது பெட்டியை விற்ற கம்பெனி. அவர்கள் தராவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

மாற்ற முடிந்தவையும் உண்டு. எஸ்.எஸ்.டி. சேர்ப்பது பெரும்பாலும் சுலபம். ரேமும் அப்படித்தான். ஒரே ஒரு ரேம் போட்டு விற்ற பெட்டியில், காலி ஸ்லாட்டில் இன்னொன்று சேர்த்தால் வேகம் கூடுவது கண்ணுக்கே தெரியும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டிலும் 288 முனைகள்தான் என்றாலும், நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். பார்த்து வாங்குங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள்!

குளிர்சாதனப் பெட்டிக்கு எத்தனை ஸ்டார் என்று கதவிலேயே ஒட்டுகிறார்கள். இருமல் மருந்தில் காலாவதித் தேதி இருக்கிறது. அரை லட்சம், ஒரு லட்சம் கொடுத்து வாங்கும் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டியின் மேல், 'பவர் சப்ளை இத்தனை வாட், பொது அளவு ஆம் / இல்லை, இத்தனை ரேம் ஸ்லாட் காலி' என்று மூன்று வரி அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்? மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. பழுது பார்க்க வழி சொன்னால் போதாது. எதை, எதுவரை மாற்றலாம் என்பதையும் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நீங்களே கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்! கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பவர் சப்ளையில் ஒட்டிய சீட்டைப் படித்து வாட் எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கார்டு வைக்க எத்தனை அங்குலம் இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஸ்குரூவின் மேல் சீல் ஒட்டியிருந்தால், பிரித்தால் வாரண்டி போய்விடுமா என்று கேளுங்கள். "அதெல்லாம் போகாது" என்று அண்ணாச்சி சொன்னால், அதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.